சின்ன எழுத்து படிக்கிற அண்ணி

எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளியலறை. அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொண்டு அண்ணியைக் கூட்டி வந்த மறுநாள் காலையிலேயே அந்தக் கதவுக்கு முன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் முதல் உரசல் ஆரம்பித்துவிட்டது.

நான் பஸ் கண்டக்டர். எட்டு மணிக்கு டெப்போவில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் டெப்போ மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை. அண்ணி வேலை பார்த்தது கடைத்தெரு முனையில் இருந்த நாலு மாடிக் கடையில். உள்ளே காலை வைத்ததும் வாசனை மூக்கில் ஏறுமே, அந்தக் கீழ்த்தளத்தில், கிரீமும் சென்ட்டும் விற்கிற கண்ணாடி மேஜைக்குப் பின்னால். அங்கே நிற்பவர்கள் முழு மேக்கப்போடுதான் நிற்க வேண்டும் என்பது கடையின் உத்தரவு. அதனால் காலையில் ஏழு மணிக்கு அண்ணி உள்ளே போனால் அரை மணி நேரம் வெளியே வர மாட்டாள். நான் பல் விளக்கும் பிரஷை வாயில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவேன்.

"அண்ணி, உள்ள என்ன, வெள்ளையடிக்கிறீங்களா?"

"இன்னும் ரெண்டே நிமிஷம், கண்டக்டரம்மா. வண்டியை நிறுத்தி வைங்க."

என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்போது எனக்கு அது எரிச்சலாக இருக்கும். குளியலறை ஜன்னல் விளிம்பில் அவள் வரிசையாக வைத்திருந்த குப்பிகளைப் பார்த்தால் இன்னும் எரிச்சல். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க கிரீஸ் கையோடு இருண்ட பொந்துக்குள் தொங்கி சம்பாதிப்பவன். அவன் உழைப்பெல்லாம் இந்தக் குப்பிகளுக்குள் போகிறது என்று நானே ஒரு கதை கட்டி, அதை நானே நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது ஒரு குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அதில் பாதி மருந்துக் கடையில் கேட்பாரற்றுக் கிடக்கிற சாதாரண கிளிசரினும் வாசலினும்தான் என்று. நான் பார்க்கவில்லை. பார்த்தால் என் கதை கெட்டுப்போகுமே.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முன்பக்கம் பார்க்க மாட்டாள். நேராகத் திருப்பி, பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கிற சின்ன எழுத்தைப் படிப்பாள். அண்ணனுடைய கருவிப் பெட்டியிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியைச் சுட்டு, கைப்பையில் போட்டு வைத்திருந்தாள். கடையில் கூட வேலை பார்த்த பெண்கள் அவளுக்கு வைத்த பட்டப் பெயரே 'பூதக்கண்ணாடி'. இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் வேதியியலில் தோற்றுப்போய் படிப்பை விட்டவள். "அப்ப புரியலை. இப்ப வயித்துப் பொழைப்பு, புரியுது" என்று சிரிப்பாள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸில் கண்டக்டர் இருக்கை பின் கதவை ஒட்டி, ஜன்னல் பக்கம். பதினோரு வருஷம் ஒரே பக்கம் வெயில். முப்பத்து மூன்று வயதில் என் இடது கன்னத்தில் மங்கு விழுந்தது. முதலில் ஒரு காசளவு. அப்புறம் கன்ன எலும்பு முழுக்க, மூக்குத் தண்டு வரைக்கும், டீக்கறை மாதிரி. நான் அழகைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிற ஆள் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்வது சுலபம்.

ஒரு நாள் வழக்கமாக வருகிற பயணி ஒருவர், நல்ல மனுஷர்தான், சில்லறையை வாங்கிக்கொண்டே சொன்னார்: "என்னம்மா, நம்ம ரூட் மேப்பை மூஞ்சியிலேயே வரைஞ்சு வெச்சிருக்கீங்க? இனிமே நான் வழி கேக்கவே வேண்டாம்." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொல்லும்போது மட்டும் காற்று சரியாக வரவில்லை.

அன்று சாயங்காலமே பஸ் நிலையத்துக்குப் பின்னால் துணி விரித்துக் கடை போட்டிருந்த ஒருத்தியிடம் ஒரு கிரீம் வாங்கினேன். மஞ்சள் டியூப், மேலே ஒரு பூப்படம். "ரெண்டே வாரம்" என்றாள். பொய் சொல்லவில்லை. இரண்டே வாரத்தில் மங்கு மங்கிப்போய், முகம் பளபளவென்று ஆனது. டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, சம்பளம் கூட்டிட்டாங்களா?" என்றார். டெப்போ மேலாளர்கூட கடிகாரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஆறு மாசம் நான் தரையில் நடக்கவில்லை.

அண்ணி மட்டும் பாராட்டவில்லை. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள். ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"கன்னத்துல பூனை முடி மாதிரி ஏதோ வளருதே. தோலும் மெலிஞ்சு போய், உள்ள நரம்பு தெரியுது. என்ன தடவுறே? டப்பாவைக் கொஞ்சம் காட்டேன்."

"எதுக்கு? உங்க கடையில வாங்கலைன்னு வருத்தமா?"

"ஐயோ, அது இல்லம்மா. பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாக்கத்தான்."

"அண்ணி, நான் அழகா இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கலைன்னா நேரா சொல்லிடுங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மூன்று வாரம் எங்களுக்குள் பேச்சு இல்லை. வீட்டில் அண்ணன் மட்டும் இரண்டு பேரிடமும் மாறி மாறிப் பேசி, அவனே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்புறம் துணி விரித்துக் கடை போட்டவள் ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டியூபை அமுக்கி, சுருட்டி, கத்தரித்து வழித்துப் போட்டேன். தீர்ந்தது. நாலாம் நாள் காலையில் முகம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் கன்னம் இரண்டும் சிவந்து, வீங்கி, கொப்புளம் கொப்புளமாக. துப்பட்டாவை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். மதிய வெயிலில் தாங்க முடியாமல் ஒரு நொடி துணியை விலக்கினேன். பக்கத்து இருக்கையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். இடம் இருந்தும் நின்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். அந்தக் கதவை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டேன்.

"கண்டக்டரம்மா, கதவைத் திற."

திறக்கவில்லை.

"நீ திட்டினதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். எனக்கும் திட்ட வேண்டியது பாக்கி இருக்கு. இப்பத் திற."

திறந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் கண் ஒரு கணம் விரிந்தது. அவ்வளவுதான். அச்சச்சோ என்றுகூடச் சொல்லவில்லை. மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, என்னை வாளியின் மேல் உட்கார வைத்து, முகத்தில் போட்டாள். சூடேறினதும் எடுத்து, மறுபடி நனைத்து, மறுபடி போட்டாள். எத்தனை தடவை என்று தெரியாது. எரிச்சல் கொஞ்சம் அடங்கினதும், குப்பைக் கூடையிலிருந்து நான் கத்தரித்துப் போட்ட டியூபை எடுத்துப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மடிப்புக்குள்ளே.

"என்ன போட்டிருக்கு?" என்றேன் துணிக்கு அடியிலிருந்து.

"ஒண்ணுமே போடலை. யார் பண்ணினாங்க, எங்க பண்ணினாங்க, உள்ள என்ன இருக்கு, ஒரு எழுத்து இல்லை. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போனாள். கடையில் புதுச் சரக்கு வந்து இறங்குகிற வாரம். லீவு கேட்டதற்கே அவள் தளத்து மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். அதை அவள் என்னிடம் சொன்னது ஒரு வருஷம் கழித்து. நீள பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என் கையை அவள் பிடித்துக்கொண்டெல்லாம் இருக்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியைப் போட்டுக்கொண்டு, "தோல் என்பதற்கு வேறு சொல், நாலு எழுத்து" என்று என்னிடமே கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் கன்னம் எரிந்தது.

டாக்டரம்மா இளம் வயது. டியூபை முகர்ந்து பார்த்தார். "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். போடுற வரைக்கும் பளபளன்னு இருக்கும், நிறுத்தினா இப்படித்தான். தினமும் எனக்கு உங்களை மாதிரி நாலு பேர் வர்றாங்க" என்றார். சாப்பிட மாத்திரை எழுதினார். பூசுவதற்கு என்ன என்று கேட்டேன். வாசனை இல்லாத ஒரு சாதாரண சோப்பு, ஒரு சாதாரண வெள்ளைக் களிம்பு, முகம் ஆறினதும் வெயிலுக்கு ஒரு சன்ஸ்கிரீன். அவ்வளவுதான் என்றார்.

"மூணே மூணா?" என்றேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய நோவுக்கு இவ்வளவு சின்ன மருந்தா?

"மூணுதாங்க. முகத்தைக் கொஞ்ச நாள் சும்மா விடுங்க. அதுக்கு அதோட வேலை தெரியும்."

அண்ணி அப்போது கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "டாக்டர், விலை கூடின களிம்புக்கும் இதுக்கும் உள்ள என்ன வித்தியாசம்?" என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "பெரும்பாலும் டப்பா" என்றார். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருக்க, ஐந்து நிமிஷம் எங்களுக்காகப் பேசினார். எந்தப் பெயர் இருந்தால் தோலில் ஈரம் நிற்கும், எந்தப் பெயரைப் பார்த்தால் ஒதுங்க வேண்டும் என்று அண்ணி எழுதிக்கொண்டே போனாள். அந்த ஐந்து நிமிஷத்துக்காக நான் அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு மருந்துக் கடை. அதை நடத்தியவர் ஒரு கைம்பெண், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். அங்கே மூன்றையும் வாங்கினோம். மூன்றும் சேர்ந்து என் மஞ்சள் டியூப் இரண்டின் விலைகூட இல்லை.

அடுத்த எட்டு மாசம் எங்கள் வீட்டுக் குளியலறையில் நடந்ததை எழுதினால் இவ்வளவுதானா என்று தோன்றும். காலையில் எழுந்து முகத்தைத் தேய்க்காமல் கழுவுவேன். துண்டால் அழுத்தாமல் ஒற்றி எடுப்பேன். ஈரம் இருக்கும்போதே களிம்பு. பத்து நிமிஷம் கழித்து சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ஒரு கோடு நீளத்துக்கு. நான் முதலில் ஒரு துளியை எடுத்து முகம் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தேன். "நீ என்ன, அதைப் பேரனுக்குச் சேத்து வைக்கிறியா?" என்று அண்ணி பின்னால் நின்று என் விரலில் அவளே பிதுக்கி விடுவாள். மதியம் பஸ் கடைசி நிறுத்தத்தில் திரும்பும்போது இன்னொரு தடவை. ராத்திரி கழுவிவிட்டு மறுபடி களிம்பு, உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாசலின், காலுக்குப் பழைய சாக்ஸ். டிரைவர் அண்ணனிடம் சொல்லி என் ஜன்னலுக்கு ஒரு கெட்டித் திரை போட வைத்ததும் அவள் யோசனைதான்.

குறுக்கு வழி தேடாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். மூன்றாம் மாசம் பொறுமை போய், யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத்தை அறுத்து எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். அண்ணி வழியில் மடக்கினாள். என் கையிலிருந்து அரைப் பழத்தைப் பிடுங்கி, சமையலறைக்குப் போய், ஒரு டம்ளர் தண்ணீரில் பிழிந்து, சர்க்கரை போட்டு என்னிடம் நீட்டினாள். "குடி. அதுக்கு அதுதான் வழி."

எட்டு மாசத்தில் முகம் ஆறியது. மங்கு மறுபடி வந்தது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. பால் அதிகம் ஊற்றின டீ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி என் முகம் தேறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அண்ணியின் வேலைக்கு ஆபத்து வந்தது. அது என்னால் வந்தது என்று நான் இன்றும் நினைக்கிறேன். அவள் இல்லை என்பாள். டாக்டரம்மாவிடம் பேசி வந்த பிறகு அவளால் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் பழையபடி நிற்க முடியவில்லை. முன்பெல்லாம் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைத் தனக்காகப் படித்தாள். இப்போது அது வாய்க்குள் நிற்க மறுத்தது.

ஒரு நாள் கடைக்கு ஒரு அம்மா வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறவள். கை இரண்டும் வெடித்து, விரல் மடிப்பெல்லாம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த மகள் முதல் சம்பளத்தைக் கொடுத்து 'உனக்கு என்ன வேணுமோ வாங்கிக்கோ' என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். தங்க மூடி போட்ட கைக் களிம்பைக் காட்டி, "இது நல்லதாம்மா?" என்று கேட்டாள்.

அண்ணி அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நல்லதுதாம்மா. ஆனா உங்களுக்கு வேண்டியது இது இல்லை. இது வாசனைக்குத்தான் காசு. வெடிப்புல பட்டா எரியும். மருந்துக் கடையில சாதா வாசலின் கேளுங்க, பாத்திரம் கழுவுறப்ப உள்ள துணி வெச்ச கையுறை போடுங்க, ரத்தம் நிக்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. மிச்சப் பணத்துக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கோங்க, இப்பப் போட்டிருக்கிறது பிஞ்சிருக்கு" என்றாள்.

அந்த அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். பின்னால் தளத்து மேலாளரும் நின்றுகொண்டிருந்தார்.

வேலையை விட்டுத் தூக்கவில்லை. நிலவறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆறு பெண்கள், நாள் முழுக்க அட்டைப் பெட்டியில் சரக்கைக் கட்டி அனுப்புகிற வேலை. விற்பனைக்கு வருகிற கமிஷன் கிடையாது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னபோது, நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாலதானே அண்ணி."

"சும்மா இரு. கீழ மேக்கப் போடச் சொல்றவங்க யாரும் இல்லை. நாளையிலேருந்து பாத்ரூம் உனக்குத்தான், எடுத்துக்கோ."

அண்ணன் எழுந்து போனான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, அவளுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்தான். அவன் காபி நன்றாகவே இருக்காது. அவள் முழுக்கக் குடித்தாள்.

நிலவறையில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அட்டைத் தூசியில் எல்லோருக்கும் கை வறண்டு கிடக்கும். முதல் வாரமே அண்ணி கிளிசரினையும் பன்னீரையும் கலந்து ஒரு குப்பி கொண்டுபோய் வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவினதும் ஆளுக்கு நாலு சொட்டு. அப்புறம் ஒவ்வொருத்தியாக வீட்டிலிருந்து தான் பூசுகிற டப்பாவைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அண்ணி திருப்பிப் படித்து, இது இருக்கட்டும், இதுக்குப் பதில் பாதி விலையில் இன்னொன்று இருக்கிறது, இதை இன்றைக்கே குப்பையில் போடு என்று சொல்வாள். தலைக்குக் குளித்துவிட்டு நுனிக்கு மட்டும் ரெண்டு சொட்டு எண்ணெய், கண் மையை எடுக்கக் குழந்தைகளுக்குத் தேய்க்கிற எண்ணெய், இப்படிச் சின்னச் சின்னதாக. மேலே கண்ணாடி மேஜையில் நின்ற பெண்கள்கூட மேக்கப்பைக் கலைக்கக் கீழே இறங்கி வந்தார்களாம்.

எப்போதும் சரியாகவே சொன்னாள் என்று சொல்ல மாட்டேன். நிலவறையில் மூத்தவள் ஒருத்திக்கு, நல்ல மலிவான களிம்பு என்று ஒன்றைச் சொல்லப்போய், மறுநாள் அவள் கழுத்தெல்லாம் தடித்து வந்து நின்றாள். அண்ணி அன்று வீட்டில் சாப்பிடவில்லை. "பூசச் சொன்னவ நான். என் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் அந்த அக்காவை அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அதற்குப் பிறகு அவள் யாருக்கு எதைச் சொன்னாலும், முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டுப் பூசி இரண்டு நாள் பார் என்பாள். தடிப்பு, அரிப்பு, கொப்புளம் என்று வந்தால் தொடவே மாட்டாள். "நான் எழுத்துதான் படிப்பேன். தோலைப் படிக்கிறவங்க அங்க இருக்காங்க" என்று ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லிவிடுவாள்.

மாசத்துக்கு ஒரு முறை எனக்குக் களிம்பு வாங்க அந்த மருந்துக் கடைக்குப் போவோம். வரிசையில் நிற்கிற நேரத்தில் முன்னால் நிற்பவள் கையில் இருக்கிற டப்பாவை அண்ணி எட்டிப் பார்ப்பாள். அவ்வளவுதான், வரிசை கலைந்து ஒரு வட்டமாகிவிடும். ஒரு நாள் கடைக்கார அம்மா நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, அண்ணியை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, நீ என் கடைக்கு வர்றப்பெல்லாம் விலை கூடினது விக்க மாட்டேங்குது."

அண்ணி வெலவெலத்துப் போனாள். "தப்பா நினைக்காதீங்கம்மா. வாயை அடக்க முடியலை."

"இரு, முடிக்கலை. விலை கம்மியானது தட்டுல நிக்க மாட்டேங்குது. வாங்கினவங்க நாலு பேரைக் கூட்டிட்டு வர்றாங்க. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லை. மருந்துச் சீட்டை நான் பாத்துக்கிறேன். சோப்பு, களிம்பு, எண்ணெய், இந்தப் பக்கம் முழுக்க நீ பாத்துக்கறியா?"

அண்ணி உடனே சரி என்று சொல்லவில்லை. பெரிய கடை, மாசச் சம்பளம், பெயர் பொறித்த சட்டை எல்லாவற்றையும் விட்டு வர வேண்டும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தாள். என்னிடம் கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் ஒரு யோசனை கேட்டாள்.

"போங்க அண்ணி. அங்க முன்பக்கத்தை வித்தீங்க. இங்க பின்பக்கத்தைப் படிச்சுச் சொல்லலாம்" என்றேன்.

அது ஐந்து வருஷத்துக்கு முன்னால். இப்போது அந்தக் கடையின் இடது பக்கம் முழுக்க அவள் ராஜ்ஜியம். கண்ணாடி மேஜை கிடையாது, மரப்பலகை. அவள் முகத்தில் சன்ஸ்கிரீனைத் தவிர எதுவும் கிடையாது. சில நாள் ஒரு சாதாரண லிப்ஸ்டிக் போட்டுக்கொள்வாள். அது தனக்குப் பிடிக்கும் என்பாள், யாருடைய உத்தரவும் இல்லாமல் போட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கிறதாம். டெப்போவில் வேலை பார்க்கும் பெண்கள் பாதிப் பேர் அவள் வாடிக்கை. டெப்போ மேலாளரின் மனைவிகூட வருகிறாள்.

போன மாசம் எங்கள் வேலை அடையாள அட்டையைப் புதுப்பித்தார்கள். போட்டோ எடுக்க வந்தவன் கணினியில் என் முகத்தைப் பெரிதாக்கி, "மேடம், கன்னத்துல லேசா இருக்கு, அழிச்சிடவா? ஒரு செகண்ட் வேலை" என்றான்.

பழைய நான் என்றால் அவன் கேட்பதற்கு முன்பே அழிக்கச் சொல்லியிருப்பேன். திரையில் இருந்த முகத்தைப் பார்த்தேன். தோல் ஆரோக்கியமாக இருந்தது. கொஞ்சம் மங்கு. கண்ணுக்குக் கீழே பதினேழு வருஷ பஸ்ஸின் சுருக்கம். என்னைத் தெரிந்தவர்கள் பார்த்தால் நான்தான் என்று சொல்வார்கள்.

"அப்படியே இருக்கட்டும் தம்பி" என்றேன்.

அட்டை கைக்கு வந்த அன்று மதியம் எனக்கு ஒரு மணி நேரம் இடைவேளை. நேராக மருந்துக் கடைக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அண்ணிக்கு நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. கூடவே இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்ல நாக்கு வளைவதில்லை. பலகைக்கு முன்னால் போய் அட்டையை நீட்டினேன். அவள் வாங்கி, போட்டோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

"அழிக்கச் சொல்லலையா?"

"இல்லை."

கட்டை விரலால் அட்டையைத் துடைத்துக் கொடுத்தாள்.

"அண்ணி, அன்னைக்கு நீங்க மட்டும் கதவைத் தட்டலைன்னா..." என்று ஆரம்பித்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வசனம். பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி சரி, வீட்டுல வந்து அழு" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை. "பின்னாடி ஆள் நிக்கிறாங்க பாரு. நகரு, கண்டக்டரம்மா, வழி விடு."

நகர்ந்தேன். எனக்குப் பின்னால் நின்றது கல்லூரிப் பெண் மாதிரி ஒருத்தி, நெற்றி முழுக்க பரு, கையில் ஏதோ ஒரு பளபளப்பான டப்பா. தலையைக் குனிந்துகொண்டே அதைப் பலகையில் வைத்தாள். அண்ணி முதலில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "உக்காரும்மா, அவசரம் இல்லை" என்றாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் டப்பாவை எடுத்தாள்.

என் பஸ் கிளம்ப இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நான் வாசல் படியில் நின்று அவர்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.